பர்கண்டியில் ஒரு முந்திரி விவசாயி

வழிகாட்டி இல்லாமல், வரைபடத்தை மட்டும் நம்பி, பிரான்சின் பர்கண்டி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நானும் அக்காவும் நடக்கிறோம். இன்று மூன்றாம் நாள். கல் மதிலுக்கு அந்தப் பக்கம் கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருக்கும் தோட்டத்துச் சொந்தக்காரர், சுற்றுலாவா என்று கேட்கிறார்.

"நானும் வெவசாயிதான்னு சொல்லுடா," என்கிறாள் அக்கா. "அண்ணாகிராமத்துல நாலு ஏக்கர் முந்திரி. புயல்ல மொத்தமும் சாஞ்சிடுச்சு. திரும்ப நானே வெச்சேன். இப்ப நல்லா காய்க்குது."

அரைகுறை பிரெஞ்சில் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.

ஒரு வருஷம் பனியில் தன் கொடிகளும் கருகிப்போயின என்கிறார் அவர். கையுறையைக் கழற்றிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். பிறகு கேட்டைத் திறந்து, தன் நிலத்தின் வழியாகவே போகச் சொல்கிறார்.

அக்கா முன்னால் நடக்கிறாள்.

"பாத்து வாடா. அவரு கொடில இடிச்சிடாத."