ஒரு பேரின் விலை

என் தங்கை மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். அவள் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். ஒரே மகள், ஒன்பது வயது. நான் பதுளையில் பத்திரிகை நிருபராக இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போய் வருவேன்.

அந்தப் பிள்ளைக்குக் காசின் அருமையைக் கற்றுக்கொடுத்தது நான்தான். சந்திக் கடையில் காந்த மூடி போட்ட பென்சில் பெட்டியைக் கேட்டு அவள் அடம் பிடித்தாள். விலையை ரூபாயில் சொன்னால் அவளுக்கு விளங்கவில்லை. அதனால் பேரில் சொன்னேன்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பதிந்து, மாலைக்குள் சொன்ன கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர்.

"இந்தப் பெட்டி அம்மாவோட அரைப்பேரு. மத்தியானம் வரைக்கும் அம்மா மலையில நிக்கணும்" என்றேன்.

அவள் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த முறை போனபோது பால்மா டின் ஒன்றின் மூடியில் கத்தியால் கீறி உண்டியல் செய்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் பேர்தான். சப்பாத்து இரண்டு பேர். ஐஸ்கிரீம் பேரிலேயே சேராது, அது வெறும் பத்து நிமிடக் கொழுந்து. கடைக்காரர் அவளைக் கண்டதும், "வாங்க கணக்கப்பிள்ளை, இன்னைக்கு யாருக்கு அரைப்பேரு போடப் போறீங்க?" என்பார். "உங்களுக்குத்தான். தராசுல கைய வச்சு அமுக்கி நிறுக்கிறீங்க" என்று ஒரு நாள் திருப்பிக் கொடுத்தாள். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தீபாவளிக்குப் போனபோது அவள் இடது காதில் பஞ்சு இருந்தது. "குளிருது மாமா" என்றாள். அங்கே குளிர்தான். அதற்கடுத்த மாதம், பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். கவனமாகக் கேட்கிற பிள்ளை என்று நினைத்தேன். பார்த்ததை எழுதிப் பிழைக்கிறவன் நான். இரண்டு முறையும் பார்த்தேன், கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் உட்கார்ந்து கோலப்பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டப் போனதும் காதிலிருந்து வாடை அடித்தது. பஞ்சு மஞ்சளாக இருந்தது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இருட்டுடன் எழுந்து போய், பொழுது சாய்ந்து வருகிறவள். வந்ததும் அடுப்பு. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மூவரும் முதல் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கை அன்று பெரட்டுக்குப் போகவில்லை. பிள்ளை பள்ளிக்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குடி புத்தகப் பை?" என்று தங்கை கேட்டாள். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். காதைத் துடைத்து, விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு காலமா வடியுது பிள்ளை?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்து."

"நொந்ததுதானே? ஏன் அம்மாட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாருவாங்க. அம்மாவுக்கு ஒரு பேரு போயிரும்."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன பேர் போறது? காது வடிஞ்சா அம்மான்ரை பேர் ஏன் கெடுது?" பிறகு தங்கையைப் பார்த்து, "வீட்டில பிள்ளைக்கு அடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பதினெட்டு வயதிலிருந்து மலை ஏறுகிறவள். பிள்ளையை ஒரு நாளும் அடித்ததில்லை.

"அது தோட்டத்துப் பேச்சு டாக்டர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்" என்றேன். செய்தி மாதிரி இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்பதை அந்த இரண்டு வரியில் சேர்க்கவில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "செவிப்பறையில ஓட்டை பெரிசா இருக்கு. மருந்துக்கு வடியிறது நிக்கும். பிறகு ஒப்பரேசன் செய்யலாமோ எண்டு பாப்பம். ஆனா அந்தக் காது பழையபடி கேக்குமெண்டு நான் சொல்லமாட்டன். முதலே கொண்டு வந்திருக்கலாம்."

மாலை பஸ்ஸில் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு இடப்பக்கம் தங்கை. இடமில்லாமல் நான் அவர்களுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் மலை ஏறத் தொடங்கியதும் பிள்ளை பையைத் திறந்து பால்மா டின்னை எடுத்தாள். அதைத் தாயின் மடியில் வைத்தாள்.

"இதுல ஒரு பேருக்கு மேலயே இருக்கும்மா. இன்னைக்குப் போனதுக்கு எடுத்துக்க. மிச்சத்துக்கு இன்னொரு நாளைக்கு வீட்டுல இரு."

எதற்காகச் சேர்க்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பென்சில் பெட்டிக்கென்று நினைத்திருந்தேன்.

சொல்லிவிட்டு அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அதன் மூடியையே பார்த்திருந்தாள். பிறகு பிள்ளையின் பக்கம் சாய்ந்து, அந்தப் பஞ்சு வைத்த காதுக்கருகே சொன்னாள்.

"என் பேரு கெடக்குதுடி. உனக்கு வலிச்சா எங்கிட்டச் சொல்ல மாட்டியா, தங்கம்?"

பிள்ளைக்குக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணாடியில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தங்கை என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை அவள் சொல்லவில்லை.