துருப்பொட்டும் பொத்தல் கணபதியும்

வண்டிப் பெயிண்டில் வருகிற துருப்பொட்டை எடுப்பது பல் பிடுங்குவதைவிடச் சங்கடமான தொழில். பல் பிடுங்க வந்தவர் வாயைத் திறந்தாலும் பேச முடியாது, வண்டி கொண்டுவந்தவர் திறந்த வாயை மூடவே மாட்டார்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரம் எனக்கு ஒரு தகரக் கொட்டகை. கார், வேன், பைக் எதுவானாலும் டச்-அப் செய்வேன். துரு பொட்டாக இருக்கும்போதே சுரண்டி, துருவைத் தடுக்க ரெட் ஆக்சைடு அடித்து, பள்ளம் நிரப்பப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதற்குப் பிறகுதான் கலர். இதில் ‘சுரண்டி’ என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பாதிப் பேர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்றால் கோபப்படாமல் படியுங்கள். என்னைப் போல உப்புத்தாள் பிடிக்கிறவர் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

இந்த வருடம் ஒரு பள்ளிக்கூட வேனில் வந்த துருப்பொட்டை நான் மட்டும்தான் துரு என்றேன். அதில் தினமும் பதினேழு பிள்ளைகள் போய்வந்தார்கள். என் பேச்சை யாராவது நம்பினால்தான் அந்த வேனுக்குத் தரை என்று ஒன்று இருக்கும் என்கிற நிலைமை. ஆனால் ஊரில் என் பேச்சுக்கு இருந்த மரியாதை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மிளகும் அப்பளமும்

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வெள்ளைக் காரில் வந்தார். பின்சக்கரத்துக்கு மேலே மிளகு அளவில் ஒரு துருப்பொட்டு. “ஒரு தொடு தொட்டு விட்டுரும் வே, அவ்வளவுதான் வேலை” என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போனார். துரு என்பது வெளியே தெரிகிற அளவோடு நிற்பதில்லை. பெயிண்டுக்கு அடியில் அது பாட்டுக்குப் பரவிக்கொண்டே போகும். நான் பிளேடை வைத்து லேசாக நெம்பியதும் அப்பளம் அளவுக்குப் பெயிண்ட் பொருபொருவென்று பெயர்ந்து வந்தது. நடுவில் விரல் போகிற மாதிரி ஒரு ஓட்டை.

டீ குடித்துவிட்டு வந்தவர் ஓட்டையைப் பார்த்தார். என் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஓட்டை முன்னாலேயே இருந்தது, பெயிண்ட் மூடியிருந்தது என்று நான் சொல்லச் சொல்ல, ரோட்டில் போகிற வருகிறவர்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டார். கூட்டம் சேர்ந்ததும் அறிவித்தார்: “நல்லா கேட்டுக்கிடுங்க, இனிமே இவரு பேரு பெயிண்டர் கணபதி இல்ல, பொத்தல் கணபதி!”

மூன்று வெள்ளிக்கிழமை

பேர் புளியங்குடி வரைக்கும் பரவிவிட்ட பிறகு, ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிற அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முன் மட்கார்டில் மண் அப்பியிருந்தது. ரோட்டுச் சகதி என்று நினைத்துத் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். “ஐயையோ, அது கோயில் புற்றுமண்ணு!” என்று குறுக்கே வந்து நின்றார். துருப்பொட்டின் மேல் மூன்று வெள்ளிக்கிழமையாகக் குழைத்துப் பூசிவருகிறாராம்.

புற்றுமண்ணைக் குறை சொல்ல நான் யார்? சின்ன வயதில் எனக்குச் சிரங்கு வந்தபோது என் அம்மாவும் பூசியவர்தான். ஆனால் ஈர மண்ணைத் துருவின் மேல் ஒட்டவைத்தால் துருவுக்குத்தான் கொண்டாட்டம். கழுவிப் பார்த்தபோது பொட்டு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் செதில் செதிலாக நின்றது. எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். அந்த அம்மா பரிதாபமாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “தோலுக்கு வார சொறிக்குக் கேக்குது, தகரத்துக்கு வார சொறிக்குக் கேக்காதா? நீங்க நம்பிக்கை இல்லாம சுரண்டுதீங்க அண்ணாச்சி, அதான் பொத்தல் விழுது.”

தலைவர்

நம் ஊர்க் கார்களின் பின்பக்கம் ஏன் இத்தனை ஸ்டிக்கர் என்று யோசித்திருக்கிறீர்களா? பக்தி, பாசம், கட்சி எல்லாம் அப்புறம். முதல் காரணம் துரு. ஒருவர் காரில் முதல் பொட்டுக்குச் சாமி, இரண்டாவது பொட்டுக்கு மகள் பெயர், மூன்றாவதுக்குத் தலைவர் படம் என்று வரிசையாக ஒட்டியிருந்தார். சாமியை உரித்தேன், தலையாட்டினார். மகளை உரித்தேன், அதற்கும் தலையாட்டினார். தலைவரின் மூக்குப் பக்கம் நகத்தை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “துரு இருந்தா இருந்துட்டுப் போவுது வே, தலைவரு மேல கைய வைக்காதீரும்!”

எலுமிச்சம்பழம்

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் துரு எடுக்கும் வித்தையைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டார். பழத்தை அரிந்து உப்பில் தொட்டுத் தேய்க்க வேண்டுமாம். சரக்குக்கா பஞ்சம்? அரை மூட்டைப் பழத்தை வைத்து பைக் டேங்க் முழுக்கத் தேய்த்து, கழுவாமல் வெயிலிலும் நிறுத்திவிட்டார். துரு கொஞ்சம் போயிருந்தது. பளபளப்பு மொத்தமாகப் போயிருந்தது. புளிப்பும் உப்பும் சேர்ந்து பெயிண்டைத் தின்றுவிட்டன என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது: “எங்க ஊரு பழத்தைக் குறை சொல்லாதீரும், அது உப்புல கலப்படம்!”

மஞ்சள் வேன்

இப்படிப்பட்ட பெயரோடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கப்பழம் அந்த வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய வேன், ஒரு தனியார் பள்ளிக்கு ஓடுகிறது. குருவிகுளம் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., எடுக்க வேண்டும். ஏறுகிற படிக்கு மேலே, தரையின் ஓரத்தில், பத்து ரூபாய்க் காசு அளவில் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. “சுரண்டுத சோலியே வேண்டாம். மேலாப்புல மஞ்சள அடிச்சு விட்டுரும்” என்றார்.

படியோரத்தில் ரப்பர் விரிப்பைக் கொஞ்சம் தூக்கினேன். பிள்ளைகள் கொட்டிய தண்ணீர், மழை நாளில் ஷூவோடு வந்த சகதி எல்லாம் வருடக்கணக்காக அதற்கடியில் ஊறிக் கிடந்தன. ஸ்குரூடிரைவரைக் கொப்புளத்தில் வைத்து லேசாக அழுத்தினேன். தொட்டேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. கைப்பிடி வரைக்கும் உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டது. இது டச்-அப் வேலை இல்லை, தரையையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்றேன். தங்கப்பழம் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னார்: “நீரு குத்துத குத்துக்கு யானைக்கே ஓட்டை விழும், வேன் எம்மாத்திரம்!”

விலக்கில் ஒரு சொற்பொழிவு

இரண்டு நாள் கழித்து அந்த வேன் என் கொட்டகையைத் தாண்டிப் போனது. வேறு யாரோ அடித்த மஞ்சள் படியோரத்தில் மினுமினுத்தது. ஜன்னலெல்லாம் பிள்ளைகள் தலை. நான் குத்திய ஓட்டையின் மேல் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அதன்மேல் ஒரு பிள்ளை கால் வைத்து ஏறுகிறது என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் காலையில், குருவிகுளத்துக்கு ரோடு பிரிகிற விலக்குக்கே போய்விட்டேன். பிள்ளைகளை ஏற்றிவிட அம்மாமாரும் அப்பாமாரும் நின்றிருந்தார்கள். வேன் வந்து நின்றதும், “இந்த வேனுக்குத் தரை இல்ல, பெயிண்டுதான் இருக்கு. பிள்ளைகள ஏத்தாதீங்க” என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். புது மஞ்சள் அழகாக இருந்தது. மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரிக்க ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே என் பேச்சு செல்லாமல் போயிருந்தது. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அந்த அப்பா மகளைத் தூக்கி வேனில் ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: “நீங்க பாத்தா எந்த வண்டியிலதான் அண்ணாச்சி பொத்தல் இல்ல?”

சாமுவேலின் கட்டைவிரல்

கேட்டவர்களில் சிரிக்காத ஒரே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவர் சாமுவேல். சனிக்கிழமை பள்ளி லீவு. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனை என் கொட்டகைக்குள் கொண்டுவந்து விட்டார். “வண்டிக்கு அடியில படுத்து, நீங்க சொன்ன இடத்தைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்தேன் அண்ணாச்சி. விரல் உள்ள போயிட்டு. இனிமே இதை எப்படி ஓட்டுவேன்? பிரிங்க, ஓனர்ட்ட நா பேசிக்கிடுதேன்” என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன்.

விரிப்பை முழுக்கச் சுருட்டினோம். படியிலிருந்து முதல் சீட்டுக்கு அடி வரைக்கும் மூன்று சாண் தகரம் இற்றுப்போயிருந்தது. சீட்டுக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு விரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. அது என் கைவேலை இல்லை என்றால் இந்த ஊரில் யார் நம்புவார்கள்? கெட்டதை வெட்டி எடுத்தோம். கூட்டி அள்ளிய துரு ஒரு பக்கெட் வந்தது. பக்கத்துப் பட்டறை வெல்டர் தகடு வைத்துப் பற்றவைக்கத் தயாரானபோது, விஷயம் கேள்விப்பட்டுத் தங்கப்பழம் பைக்கில் பறந்து வந்தார்.

கத்திக்கொண்டே வேனுக்குள் தலையை விட்டவர் சட்டென்று அடங்கிவிட்டார். உள்ளே தரை இருக்க வேண்டிய இடத்தில் என் கொட்டகையின் மண் தெரிந்தது. நானும் சாமுவேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மன்னிப்பு, போகட்டும், ஒரு ‘அடடா’வாவது வரும் என்று காத்திருந்தேன். தலையை வெளியே எடுத்த தங்கப்பழம் சொன்னார்: “நல்ல வேளை நான் மஞ்சள அடிச்சேன் வே, அதான் இந்த நாலு நாளும் தாங்கிப் பிடிச்சிருக்கு!”

திங்கட்கிழமை

புதுத் தகடு, இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயிண்ட். ஏறி நின்று குதித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் விலக்குக்குப் போனேன். எதற்கு மறைக்க வேண்டும், யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்ற ஆசைதான். அன்றைக்குச் சிரித்த அப்பாவும் மகளோடு நின்றிருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. வேன் வந்ததும் ஏறிப்போய் முதல் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. “அப்பா, ஓட்டையக் காணோம்” என்றாள்.

“எந்த ஓட்டைட்டி?” என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே அவரும் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைக் காட்டி டிரைவர், “இந்த அங்கிள்தான் அடைச்சாரு” என்று பெருமையாகச் சொன்னதும், அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டாள்: “போன வருசத்துல இருந்து அந்த ஓட்டைய நாங்க வச்சிருந்தோம். காலை ஓரமா வச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தா ரோடு ஓடுதது தெரியும். எங்ககிட்ட கேக்காம எதுக்கு அங்கிள் அடைச்சீங்க?”

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக முடிந்தது என்பதற்கு ஒரே அத்தாட்சி, யாராவது ஒருவர் நம்மை நன்றாகத் திட்டிவிட்டுப் பத்திரமாக வண்டியேறிப் போவதுதான்.