புகார் மனுவில் நான் எழுதிய அரிவாள்

கீரனூர் கோர்ட்டில் அன்று அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், கடைசி பெஞ்சில் நான் இருந்தேன். சித்தி வரவில்லை. இரண்டு வருடங்களாக அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டாருக்கு வழக்கு என்றால் ஒன்றுதான். நிலமோ, அடிதடியோ, விவாகரத்தோ, எல்லாவற்றுக்கும் “கோர்ட்டுக்குப் போயிட்டாங்க” என்பார்கள். வித்தியாசம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போய், திருச்சியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். சிவில் வழக்கு பாதை யாருடையது என்று கேட்கும்; கிரிமினல் வழக்கு ஆள் குற்றவாளியா என்று கேட்கும். பரீட்சையில் இதைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஆடுகள் சித்தப்பாவின் கடலையை மேய்ந்துவிட்டன. அந்தக் கோபத்தில், எங்கள் வயலுக்குப் போகும் பாதையை அவர் கருவேல முள்ளால் அடைத்தார். அதற்கு சிவில் வழக்குத்தான் போட்டிருக்க வேண்டும். அது வருடக்கணக்கில் இழுக்கும், போலீஸ் கூப்பிட்டால் மறுநாளே திறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அடைத்தபோது அவர் கையில் அரிவாள் இருந்தது. முள் வெட்டுகிறவர் கையில் வேறென்ன இருக்கும்? அப்பா பெயரில் போலீசுக்குக் கொடுக்கும் புகார் மனுவில் ‘அரிவாளைக் காட்டிக் கொலைமிரட்டல் விடுத்தார்’ என்று எழுதினேன்.

“என்னப்பா எழுதியிருக்க?” என்று அப்பா கேட்டார்.

“பாதை விசயந்தான்ப்பா.”

அவர் பெருவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வைத்தார்.

எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அந்த நேரத்தில் சித்தப்பா சிங்கப்பூர் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். சித்தியின் தாலிச் செயினை விற்று ஏஜெண்டிடம் பணமும் கட்டியாயிற்று. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன், சீக்கிரம் இறங்கி வருவார் என்று. வழக்கு இருப்பதால் போலீஸ் விசாரணையில் பாஸ்போர்ட் நின்றது. வீம்புக்கு முள்ளும் பாதையிலேயே கிடந்தது. வாய்தா வாய்தாவாகப் போனதில், அந்த வேலைக்கான வயதும் அவருக்குத் தாண்டிவிட்டது.

சாட்சிக்கூண்டில் அப்பாவுக்கு அந்த மனுவைப் படித்துக் காட்டினார்கள். அரிவாள் என்ற இடம் வந்ததும் அவர் திடுக்கிட்டார்.

“ஐயா, எந்தம்பி முள்ளு வெட்டத்தான் அரிவா வச்சிருந்தான். என்னைய ஒண்ணுஞ் சொல்லலைங்க.”

“அப்புறம் ஏன் இப்படிக் கொடுத்தீங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. கைநாட்டு வச்சது நாந்தான். தப்பு என்னோடதுங்க.”

எழுதியது மகன் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வழக்கு நிற்கவில்லை; சித்தப்பாவை விடுதலை செய்தார்கள். வெளியே டீக்கடையில் சித்தப்பா அப்பாவுக்கு ஒரு டீயை வாங்கி நீட்டினார். “குடிண்ணே. வக்கீலய்யாவுக்கும் ஒண்ணு சொல்லவா? வேணாம், நம்ம கிளாஸைத் தொட்டா அதுக்கும் ஒரு செக்சன் போட்டுருவாரு.” கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அன்று மாலையே சித்தப்பா போய் முள்ளை இழுத்துப் போட்டார். பாதை திறக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஏஜெண்டிடம் போய்த் திரும்பாதது ஒரு லட்சத்து இருபதாயிரம். இரண்டு வீட்டு வக்கீல் செலவும் பஸ் செலவும் முப்பத்தெட்டாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்.