பதினோரு வீட்டுக் களி

கம்பைநல்லூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காய்ந்த ஆற்று மணலில் நாய் ஓட்டம் நடக்கும். கூண்டிலிருந்து ஒரு முயலைத் திறந்துவிட்டால் ஒல்லி ஒல்லியான வேட்டை நாய்கள் பின்னால் பறக்கும். பசித்த நாய்தான் ஓடும் என்பது ஆண்களின் கணிப்பு. அதனால் மூன்று நாளைக்கு முன்பே நாய்களைப் பட்டினி போட்டுவிடுவார்கள். அதில் முதல் ஆள் என் பெரியப்பா. நடக்கும்போது எறும்பைக்கூட மிதிக்காமல் விலகிப் போகிற மனிதர்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், அவருடைய வெள்ளை நாய் ஓடி முடித்த இடத்திலேயே விழுந்து செத்தது. அடுத்த தை நெருங்கியபோது பெரியம்மா, ஊர்க்கூட்டம் நடந்த கோயில் வாசலுக்கு, அவர்கள் வீட்டில் வளர்ந்த சிறுபிள்ளை என்னையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள். பெண்கள் அங்கே வாய் திறப்பது வழக்கமில்லை.

"வாயில்லா சீவனப் பட்டினி போட்டு ஓட்டாதீங்க. போன வருசம் ஒண்ணு செத்தது போதும்."

"நாயிங்களுக்கு வக்கீலு வந்துருக்குதுப்பா. ஃபீசு எவ்வளவுன்னு கேளுங்க" என்றார் ஒருவர்.

கூட்டம் சிரித்தது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினாள்.

மறுநாளிலிருந்து, ஓட்ட நாய் வைத்திருந்த மற்ற பத்து வீடுகளுக்கும் போனாள். ஆண்களிடம் போகவில்லை, அடுப்படிக்குப் போனாள். "கூட்டத்துல பேசறது அவுங்க. களி கிண்டறது நாமதான?" என்றாள். ஒரு வீட்டு அக்கா பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டுக்கு மட்டும் நான்கு தடவை போனாள்.

ஓட்டத்தன்று காலை, ஆண்கள் ஆற்றில் கயிறு கட்டப் போன நேரத்தில், பதினோரு வீட்டிலிருந்தும் கேழ்வரகுக் களி கருவாட்டுக் குழம்போடு நாய்களுக்குப் போனது. பெரியப்பா புதிதாக வாங்கியிருந்த எங்கள் நாய்க்கு வைக்கும் வேலை எனக்கு. பெரியப்பா வந்துவிடுவாரோ, நாய் கடித்துவிடுமோ, களி தொண்டையில் சிக்கி நாய் செத்துவிடுமோ என்று மூன்று பயமும் ஒரே நேரத்தில். நாய்க்கு ஒரு பயமும் இல்லை. சட்டியைப் புரட்டிப் போட்டு அடியையும் நக்கியது.

முயலைத் திறந்தார்கள். நாய்கள் பத்தடி ஓடின. இரண்டு நாய்கள் கரை நிழலில் போய்ப் படுத்தன. எங்களுடையது முயல் போன திக்கைக் கொஞ்சம் பார்த்துவிட்டு மணலில் சுருண்டுகொண்டது. முயல் நின்று திரும்பிப் பார்த்தது; பிறகு அவசரமில்லாமல் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

"எவ சோறு போட்டது?" என்று பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது நான் தானியக் குதிருக்குப் பின்னால் இருந்தேன்.

"நாந்தானுங்க. அடுத்த வருசமும் போடுவேன். உங்களுக்கும் போடறேன், உக்காருங்க" என்றாள் பெரியம்மா.

அவர் உட்காரவில்லை. இரண்டு நாள் வீட்டில் கை நனைக்கவில்லை. வேளாவேளைக்கு வட்டிலில் போட்டு வைத்தாளே தவிர, பெரியம்மா ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அவராகவே வந்து உட்கார்ந்தார். களியைப் பார்த்தார், தொடவில்லை. என் பக்கம் திரும்பி, "நாய்க்கு வெச்சாச்சா?" என்றார்.

சண்டை மறுபடி ஆரம்பிக்கிறது என்று நினைத்தேன். "இல்லீங்க பெரியப்பா, சத்தியமா வெக்கலீங்க."

அவர் வட்டிலோடு எழுந்து வெளியே போனார். வீசி எறியப்போகிறார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் ஏதும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், நாயின் பக்கத்தில் குந்தியிருந்தார். உருண்டையில் பாதியைப் பிட்டு அதற்கு வைத்திருந்தார்.

பெரியம்மா இன்னொரு உருண்டையை என்னிடம் கொடுத்து, அவருக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அவள் ஆக்கியதை நாய்க்குப் போட்டு அவமானப்படுத்துகிற மனிதருக்கு, இவள் எதற்கு மறுபடியும் கொடுத்தனுப்புகிறாள் என்று, வாசல் வரைக்கும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.