‘இயல்பா இருங்க’ என்று உத்தரவு போட்ட ரைட்டர்

1. சீப்பு, பவுடர், ரப்பர் வாத்து

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் இருந்த ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி என் கையில் ஒரு சீப்பையும் பவுடர் டப்பாவையும் அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் வாத்து ஒன்றையும் கொடுத்தார். கேமராவைத் தொடக்கூடாது என்றார்.

“இத பாரு செல்வி, எனக்கு முன்னால வந்து உக்கார்ற மூஞ்சி சிரிச்சாப்புல இருக்கோணும். அது பசியில அழுவுதா, ஒண்ணுக்குப் போவோணுமா, அதெல்லாம் உன்ற பாடு. நான் பட்டன அமுக்குவன், அவ்வளவுதான்.”

உலகத்தில் கஷ்டமான வேலைகளையெல்லாம் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, பட்டனை அமுக்குவதற்கு மட்டும் கலைஞர் என்று பெயர் வாங்கியவர் எங்கள் முதலாளி.

அன்று வந்த முதல் குடும்பம் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதிலேயே பையன் வாந்தி எடுத்துவிட்டான். மேலே வந்து இறங்கியதும் முகத்தைக் கழுவி, புது ஷூவில் காலைத் திணித்து, நேராக எங்கள் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். “சிரிடா” என்றார் அப்பா. பையன் அவரைப் பார்த்த பார்வையில் இருந்த நியாயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிள்ளைகளைப் போட்டோவுக்குத் தயார் செய்வதில் பெற்றோருக்கு இருந்த திறமையைச் சொல்லி முடியாது. அசையாமல் உட்காராவிட்டால் போட்டோக்காரர் ஊசி போடுவார் என்று சொல்லியே கூட்டி வருவார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று என் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ஊசி எங்கீங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டது. பிறகு அதே பெற்றோர், “ஏனுங்க, புள்ள சிரிக்கவே மாட்டீங்குதுங்களே” என்று என்னிடம் வருத்தப்படுவார்கள்.

சில மாதங்களில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பிள்ளையைத் தயார் செய்யப் பத்து நிமிஷம் போதும். வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, ஷூவைக் கழற்றிவிட்டு, இஷ்டத்துக்கு ஓடவிட்டால் தானே சரியாகிவிடும். பெற்றோரைத் தயார் செய்வதுதான் வேலை. அதற்கு வாத்து உதவாது.

2. ஆறு நாள் ஒத்திகை

வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் காலையில் பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்கு அனுப்புகிறவர். இவர் பேர் கூப்பிட்டால் அடுத்த எஸ்டேட்டில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான் என்பார்கள்.

மெட்ராஸில் இருந்த ஓனர் கடிதம் எழுதியிருந்தார். மேனேஜர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு வர விரும்புகிறவர்கள் குடும்பத்தோடு எடுத்த போட்டோ ஒன்று அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதுபோல் விறைப்பாக இல்லாமல் இயல்பாக, சந்தோஷமாக இருக்க வேண்டும். குடும்பத்தைச் சந்தோஷமாக வைத்திருப்பவன்தான் எஸ்டேட்டையும் நன்றாக நடத்துவான் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்களாம். பெரிய மனிதர்களுக்கு இப்படி எதையாவது சொல்லிவைக்க எப்போதும் ஓர் ஆள் இருக்கிறான்.

“நீங்க ஒண்ணுமே கவலப்படாதீங்க,” என்றார் ரைட்டர். “ஆறு நாளா ஊட்டுல ஒத்திகை பாத்துட்டு இருக்கறோம்.”

“என்ன ஒத்திகைங்க?” என்றேன்.

“சிரிக்கறதுக்குத்தான்.”

3. புல்

படம் எடுக்க அவர் தேர்ந்தெடுத்திருந்த இடம் ஓனர் பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்வெளி. நானும் முதலாளியும் காலை பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். பனி மூடியிருந்ததால் வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ரைட்டர் கோட்டு, டை எல்லாம் போட்டிருந்தார். அவர் மனைவி ருக்குமணி பட்டுப்புடவையில், தலையைக் குனிந்தபடி நின்றார். பிள்ளைகள் மூன்று பேர். பன்னிரண்டு வயதுப் பையன் செந்தில், ஒன்பது வயதுச் சுமதி, நாலு வயதுக் கடைக்குட்டி. அதை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். மூவரும் உயர வரிசைப்படி நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

“கண்ணு, ஊட்டுல எப்படி ஒத்திகை பாத்தீங்க?” என்று செந்திலிடம் கேட்டேன்.

“அப்பா ஒண்ணுன்னு சொன்னா பல்லு தெரியோணுமுங்க. ரெண்டுன்னா மூடிக்கோணும். பாப்பாதான் மாத்தி மாத்திப் பண்ணுவாளுங்க.”

பிள்ளைகளைப் புல்லில் உட்காரச் சொன்னேன். ஓரம் வரைக்கும் வந்து மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

“என்ன சாமி? வாங்க.”

சுமதி மெதுவான குரலில் சொன்னாள்: “அதுல கால வெச்சா அப்பா திட்டுவாருங்க.”

விஷயம் இதுதான். அந்தப் புல்லில் யார் கால் வைத்தாலும் விரட்டுவது பல வருஷமாக ரைட்டரின் வேலை. புல்லில் நடக்காதே என்று அவரே பெயின்ட் அடித்து நட்ட பலகை நடுவில் நின்றது. சந்தோஷமான குடும்பத்துக்குப் பின்னணியாக அது நன்றாகத்தான் இருந்திருக்கும். ரைட்டர் அதைப் பிடுங்கிச் செடி மறைவில் வைத்துவிட்டு, “இன்னிக்கி ஒரு நாளைக்கிப் பரவால்ல, போங்க” என்றார். போனார்கள். நெருப்பு மிதிப்பவர்கள்கூட அவ்வளவு யோசித்து அடி வைத்து நான் பார்த்ததில்லை.

“ஏனுங்க, வெளிச்சம் வர்ற வரைக்கும் நீங்க ஆபீஸ்ல உக்காந்திருங்க. நான் பாத்துக்கறன்,” என்று ரைட்டரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் போனார்.

பிள்ளைகளின் செருப்பைக் கழற்றினேன். ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பாப்பா அந்தப் புல்லில் உருண்டுகொண்டிருந்தாள். சுமதி சாமந்தியைப் பறித்து அண்ணன் காதில் சொருகினாள். அதற்கும் பலகை இருந்திருக்கலாம். ருக்குமணி பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் வந்தது. நல்ல நேரம் என்று முதலாளி ஸ்டாண்டை நிறுத்தினார். ரைட்டர் திரும்பி வந்தார். மூன்று பேரும் எழுந்து உயர வரிசைப்படி நின்றார்கள்.

4. கடைசிப் படம்

ரோலில் பன்னிரண்டு படம்தான். பதினொன்று வீணாவதற்கு அரைமணி நேரம் பிடித்தது.

பெற்றோர் உட்கார, பிள்ளைகள் நிற்க ஒரு படம். எல்லோரும் புல்லில் உட்கார்ந்து சில படங்கள். பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்து ரைட்டருக்குப் பழக்கமில்லை. கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முழங்காலை மட்டும் உயர்த்தி வைத்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் மடியில் கண்ணாடிப் பாத்திரம் போல ஆடாமல் இருந்தாள். அவரும் அப்படியே பிடித்திருந்தார். மூன்று படத்துக்குப் பிறகு அவளே நழுவிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“மூஞ்சியெல்லாம் கொஞ்சம் லேசா இருந்தா நல்லாருக்குமுங்க,” என்றார் முதலாளி.

ரைட்டருக்கு வேலை கைநழுவுகிறது என்று பட்டுவிட்டது. மூச்சை இழுத்து, காலையில் பேர் கூப்பிடுகிற அதே குரலில் சத்தம் போட்டார்:

“எல்லாரும் இயல்பா இருங்க! செந்திலு, முதுகு நிமிரட்டும்! இயல்பா!”

புல்வெளிக்குக் கீழே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை, குரல் புரிந்தது. ஏழெட்டுப் பேர் வேலையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கூடையோடு ஓடி வந்து பாதையில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற அம்மாள், “வந்துட்டனுங்க சார்!” என்றார்.

ருக்குமணி அவர்களைப் பார்த்தார். தன் பிள்ளைகளைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடினார். சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் மூடிய கையையும் எடுத்துவிட்டுச் சிரித்தார். அம்மா இப்படிச் சிரித்துப் பிள்ளைகள் பார்த்ததில்லை போலிருக்கிறது. முதலில் பயந்தார்கள். பிறகு செந்தில் ஆரம்பித்தான், சுமதி ஆரம்பித்தாள், பாப்பா என்ன என்று தெரியாமலேயே சிரித்துப் பின்னால் சாய்ந்தாள். ரைட்டர் வாயைத் திறந்தபடி “என்ன? என்னாச்சு?” என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி பட்டனை அமுக்கினார். அவருக்குக் கலைஞர் என்ற பெயர் அன்று ஒரு நாள் பொருந்தியது.

“அந்தப் படம் வேண்டாமுங்க. அத மட்டும் கழுவாதீங்க,” என்றார் ரைட்டர். முகம் சிவந்திருந்தது. ரோலில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கழுவ முடியாது என்பதை அவருக்கு விளக்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. சரி என்றோம்.

அடுத்த வாரம் வந்து ஐந்தாவது படத்தைத் தேர்ந்தெடுத்தார். தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஐந்து பேர் அதில் இருந்தார்கள். அதுதான் மெட்ராஸுக்குப் போயிற்று. மேனேஜர் வேலை ஓனரின் மச்சினனுக்குக் கிடைத்தது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் எந்தக் குடும்பப் படத்தை அனுப்பினாரோ தெரியாது.

5. பாப்பா கை

ஒரு மாதம் கழித்து, தூறல் விழுந்த ஒரு பகலில், ரைட்டர் தனியாக வந்தார். முதலாளி பிலிம் கழுவும் மருந்து வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தார்.

“அந்தக் கடைசிப் படம்... பிலிமு இருக்குதுங்களா?”

கிழித்துப்போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “தேடோணுமுங்க” என்று இழுத்தேன்.

“கிழிக்கறதுக்கு இல்லம்மா. ஒருக்கா பாக்கோணும்.”

சின்ன பிரிண்ட் ஒன்று போட்டு வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். குடும்பமே சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கும் படம். நான் அவர் கோபத்துக்குத் தயாரானேன்.

அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. நகத்தால் ஓர் இடத்தைக் காட்டினார். சிரித்துப் பின்னால் சாய்ந்த பாப்பா, விழாமல் இருக்க அவருடைய முழங்காலைப் பிடித்திருந்தாள். ஐந்து விரலும் பேன்ட் துணியை இறுக்கிக் கசக்கியிருந்தன.

“அன்னிக்கிக் கால்ல என்னமோ பட்டாப்புல இருந்துச்சுங்க,” என்றார். “அவளா வந்து எம்மேல கை வெச்சதே இல்லீங்க. நெசந்தானா, இல்ல நானா நெனச்சுக்கறனான்னு ஒரே ரோசனை. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தன்.”

குழந்தைகளைக் கவனிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தப் பிரிண்டை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தக் கை என் கண்ணில் படவே இல்லை.

“பெருசாப் போட்டுக் குடுங்க,” என்றார். “நான் எப்படி இருந்தாலும் பரவால்ல.”

இன்று கேமரா என் கையில் இருக்கிறது. குடும்பங்களை உட்கார வைத்துவிட்டு நான் முகங்களைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கைகள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள், யார் கை சும்மா தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இது ஒன்றைத்தான். வெளிச்சம் போகிறது, சீக்கிரம் எடுங்கள் என்று அப்பாக்கள் அவசரப்படுத்துவார்கள். போனால் போகட்டும் என்று, ஒரு கை இன்னொரு கையைத் தேடி வரும் வரை காத்திருக்கிறேன்.