ஜெயபாரதியின் கண்

தங்கமணி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது டெலிபோனில். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டிக்கொண்டிருந்த மகன் செந்தில்குமார், “அம்மா, ஜெயபாரதின்னு ஒரு பொண்ணு. குத்தாலத்துல பஞ்சநதம் மாமா இருக்காருல்ல, அவரோட ரெண்டாவது மக” என்றான். தங்கமணிக்குப் பஞ்சநதத்தைத் தெரியும். அவருடைய அக்காளைத் தங்கமணியின் சின்ன மாமனார் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். முறை ஒன்றும் இடிக்கவில்லை.

“கண்ணாடி போட்டிருக்கும்மா. இப்பவே சொல்லிட்டேன்.”

“கட்டிக்கப்போறவன் நீ. உனக்குப் பிடிச்சா சரி.”

பெண் பார்க்கப் போன அன்றுதான் தெரிந்தது, அது சாதாரணக் கண்ணாடி இல்லை, சோடா பாட்டில் அடி. அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது மாமியாரா, மாடா என்று ஜெயபாரதிக்குத் தெரியாது. இதை அவளே சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற பெண் என்று தங்கமணிக்குப் பிடித்துப்போயிற்று.

கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் செந்தில்குமார் விமானம் ஏறிவிட்டான். நன்னிலத்து வீட்டில் மாமியாரும் மருமகளும், பக்கத்தில் ஒரு வேலி நிலமும். நடவுக்கு ஆள் கிடைப்பது அந்த வருஷங்களில் குதிரைக்கொம்பு. பெண்களெல்லாம் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மகளிர் குழுவுக்கு ஒரு நடவு மிஷின் வந்தபோது, யார் ஓட்டுவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, ஜெயபாரதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். சுற்றுவட்டாரத்தில் அவள் நடாத வயல் குறைவு.

வினை ஐப்பசி மழையில் வந்தது. சம்பா நடவு நேரம். கண்ணாடியில் ஒரு பக்கம் மழைத்தண்ணீர், ஒரு பக்கம் சேறு. துடைக்கக் கையெடுத்தால் வரிசை கோணும். பக்கத்து வயல் சிங்காரவேலு வரப்பில் நின்றுகொண்டு, “என்ன தங்கமணி, உன் மருமக நாத்து நட்டாளா, பாம்பு விட்டாளா?” என்று கேட்டார். ஒருநாள் கண்ணாடி சேற்றிலேயே விழுந்துவிட்டது. அவள் குனிந்து தடவிக்கொண்டிருக்க, மிஷின் தன்பாட்டுக்கு வரப்பேறி வாய்க்காலில் கவிழ்ந்தது. சேற்றுக் கையோடு எழுந்து நின்றவள், “மிஷினை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க அத்தை. நான் கால வெட்டிக்கிறதுக்குள்ள” என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுப் பிரகதாம்பாள்தான் வழி சொன்னாள். அவள் மகள் தஞ்சாவூரில் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றியவள். “பத்து நிமிஷம் தங்கமணி. மறுநாள் விடியக்காலம் எதிர்ச்சுவத்துல இருந்த எழுத்தெல்லாம் படிச்சிட்டா!”

செந்தில்குமாரிடம் சொன்னார்கள். அவன் போனிலேயே குதித்தான். “லேசர்னா என்ன தெரியுமாம்மா? நான் இங்க தினம் இரும்ப அறுக்கிறேன் அதை வச்சு. கண்ணுல வைக்கிறதா?” அதற்கப்புறம் இரண்டு பேரும் அவனிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாத சித்திரை மாதமாகப் பார்த்துத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்கள். போகலாம் என்று சொன்னவள் தங்கமணி. ஏதாவது ஆகிவிட்டால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

கண் டாக்டர் ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னார். “எல்லார் கண்ணுக்கும் ஒரே முறை கிடையாதும்மா. இவங்க கருவிழி கொஞ்சம் மெல்லிசு. மேல் படலத்தை மட்டும் நீவி எடுத்துட்டு லேசர் வைப்போம். மேல ஒரு மெல்லிய லென்ஸ் வச்சு மூடுவோம். மூணு நாலு நாள் எரியும், தண்ணியாக் கொட்டும். பார்வை மெதுவாத்தான் தெளியும், வாரக்கணக்குல ஆகும். கசக்கக் கூடாது. நாங்க தர்ற சொட்டு மருந்தைத் தவிர வேற எதுவும் உள்ள போகக் கூடாது.” தங்கமணி தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் பிரகதாம்பாளின் ‘மறுநாள் விடியக்காலம்’ முதலிலேயே போய் உட்கார்ந்துவிட்டிருந்தது.

லேசர் வைத்து முடித்து வெளியே வந்த ஜெயபாரதி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கதை சொன்னாள். “மரத்துப்போற மருந்து விட்டாங்க. இமையைப் பிடிச்சுக்க ஒரு கம்பி. ஒரு வெளிச்சத்தையே பாருன்னாங்க. வலியே இல்ல அத்தை. கோழி பொசுக்கினாப்புல ஒரு வாசம் வந்துச்சு, அவ்வளவுதான்.”

அன்றே வீடு திரும்பினார்கள். விடிந்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை. கண் மிளகாய் பட்டாற்போல எரிந்தது. மூன்றாம் நாள் இன்னும் மோசம். எல்லாம் பனிக்குள் இருக்கிறது என்றாள். கண் எரிந்தால் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கடைசி வீட்டு ஹபீபுன்னிசாவின் மருமகள் பிள்ளை பெற்று ஒரு மாதம். அவளிடம் பாலாடைச் சங்கில் தாய்ப்பால் வாங்கிவந்து, படுத்திருந்தவளின் இமையில் விரலை வைத்தாள்.

ஜெயபாரதி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன அத்தை இது?”

“தாய்ப்பால்டி. உன் புருஷனுக்குக் கண்ணுவலி வந்தப்ப இதுதான் கேட்டுச்சு.”

“அது கண்ணுவலி. இது புண்ணு. டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவர் சொன்னாரு, ஒண்ணும் தெரியலையேடி உனக்கு!” அந்த நேரம் பார்த்துச் செந்தில்குமாரின் போன். தங்கமணி அழுகையை மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெயபாரதி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“உங்க கப்பல் அறுக்கிற லேசர் இல்லங்க இது. எரியுது, ஆமா. எரியும்னு சொல்லித்தான் வச்சாங்க. எனக்குப் பயமில்ல. உங்கம்மாதான் பாலாடையோட நிக்கிறாங்க, அவங்களுக்கு ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லுங்க.”

ஐந்தாம் நாள் தஞ்சாவூரில் டாக்டர் அந்த மெல்லிய லென்ஸை எடுத்தார். பால் விஷயத்தைத் தங்கமணியே சொல்லிவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. “கையைப் பிடிச்சாங்களே, நல்லவேளை. கிருமி ஏறியிருந்தா அழியாத தழும்பு விழுந்திருக்கும். புண் நல்லா ஆறியிருக்கு. பனி விலகும், பொறுங்க.”

பொறுத்தார்கள். தங்கமணியே கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வேளை தவறாமல் சொட்டு மருந்து ஊற்றினாள். சாயங்காலம் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றாள் ஜெயபாரதி. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. வைகாசியில் ஒரு காலை, வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அத்தை, பிரகதாம்பா சித்தி மாடியில துணி காயப்போடுறாங்க. ஒரு ஜாக்கெட்டுல கொக்கி இல்ல.”

தங்கமணி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவளுக்கு மாடியே சரியாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் குறுவையும் சம்பாவும் ஜெயபாரதிதான் நட்டாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கண் காய்ந்தால் மருந்து விட்டுக்கொள்கிறாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறாள். நன்னிலத்தில் மாமியாரோடு அதே வீட்டில் இருக்கிறாள். இரண்டு நடவு மிஷின் ஓடுகிறது, ஒன்றை அவளே ஓட்டுகிறாள்.