ஆறு பாகை சாய்ந்த ஊர்

உருத்திரபுரத்துக்கு நான் மாற்றலாகி வந்த முதல் வருடம், ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். பாகைமானிகள் ஏழு இருந்தன. அதிலும் மூன்று உடைந்தவை. இன்னொன்றால் ஒரு பெடியன் இடைவேளையில் வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்ததை நானே கண்டேன். "வடிவா வெட்டுப்படுது ரீச்சர்" என்று எனக்கும் ஒரு துண்டு நீட்டினான்.

கோணத்தையும் சமச்சீரையும் புத்தகத்திலிருந்து அல்ல, வீட்டிலும் வீதியிலும் கிடக்கிற சாமான்களிலிருந்து படிப்பிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் அப்போதுதான் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதைக் கேட்டு உருகிப்போய் வந்திருந்தேன். முதல் இரண்டு நாளும் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக் கூர்ங்கோணம் காட்டினேன். சாய்மனைக் கதிரையைக் காட்டி விரிகோணம் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. இனி அவர்களே அளக்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கிளிநொச்சி ரவுணுக்குப் போய், நல்ல பாகைமானி ஒன்றைக் கொடுத்து நாற்பது போட்டோக்கொப்பி எடுத்தேன். தாள்களை அடுக்கி, கீழ்ப்பக்கத்தைத் தாளின் விளிம்புக்கு நேராகப் பிளேட்டால் வெட்டி, பிஸ்கற் பெட்டி மட்டையில் ஒட்டினேன். அடிவிளிம்பு பிய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ஒட்டு ரேப் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே வேலை. திங்கட்கிழமை நாற்பது பாகைமானிகளோடு வகுப்புக்குள் போனபோது எனக்கு நடை கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

வேலை சுலபமானது. மட்டையின் அடிவிளிம்பைத் தரையில் ஊன்ற வேண்டும். நடுப்புள்ளியைக் கதவுநிலையின் அடியிலோ சுவரின் ஓரத்திலோ பொருத்தி, அது எந்த எண்ணில் போகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். ஊரில் எத்தனை செங்கோணம் இருக்கிறது என்று கண்டுபிடித்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

மறுநாள் முப்பத்தொரு கொப்பிகளையும் திருத்தினேன். ஊரில் ஒரு செங்கோணமும் இல்லை.

எல்லாம் எண்பத்துநான்கு பாகை. வாசிகசாலைக் கதவு எண்பத்துநான்கு, கடை வாசல் எண்பத்துநான்கு, வீட்டுத்திட்ட வீடுகள் அத்தனையும் எண்பத்துநான்கு, கோயில் வாசலும் எண்பத்துநான்கு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளைகள் எவ்வளவு ஒற்றுமையாக, துல்லியமாக அளந்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். சாய்வுக்கு என்னிடம் காரணமும் தயாராக இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு அவசரம் அவசரமாகக் கட்டிய ஊர், இப்படித்தானே இருக்கும்.

பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் கை உயர்த்தினான். "ரீச்சர், வெளியில நிண்டு அளந்தா எங்கட வீட்டுக் கதவு றோட்டுப் பக்கம் சாயுது. உள்ளுக்க நிண்டு அளந்தா கிணத்துப் பக்கம் சாயுது."

"ரெண்டையும் எழுது" என்றேன்.

அதிபரிடம் கொப்பிகளைக் காட்டினேன். அவர் நிதானமான மனிதர், எதையும் உடனே நம்பமாட்டார். ஆகவே தானே ஒரு மட்டையை வாங்கித் தன் அலுவலகக் கதவை அளந்தார். எண்பத்துநான்கு. இரண்டாம் தரமும் அளந்தார்.

"ரீச்சர், இது விழுமோ?"

"உடன விழாது சேர்."

அந்த 'உடன' அவருக்குப் போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே தன் கதிரையையும் மேசையையும் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டுக்கொண்டார். பாடசாலைக் கட்டடம் ஆறு பாகை சாய்ந்துள்ளமை பற்றி மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதி, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் ஒரு 'ற'கரத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

வகுப்பில் நன்றாக அளக்கிறவள் ஒரு பெண்பிள்ளை. மெல்லிய உருவம், பெரிய குரல். அவளுடைய அம்மா மேசன் வேலை செய்கிறவர். அவர் தங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ஒரு வீட்டில் சமைக்கிற குசினிக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகப் போன மகள், பாதி எழும்பிய சுவரின் ஓரத்தில் மட்டையை வைத்துப் பார்த்து, வீட்டுக்காரியின் முன்னால் உரத்து அறிவித்திருக்கிறாள்.

"அம்மா, ஆறு பாகை சாயுது!"

இதையெல்லாம் நான் வியாழக்கிழமைதான் அறிந்தேன். மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பு வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். கையில் இரும்பு மூலைமட்டம். மேசன்மார் சுவரின் மூலை பார்க்கிற, 'ட' எழுத்துப் போன்ற கருவி. மகள் மேசைக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினாள்.

"நீங்கள்தானோ ரீச்சர், கோணம் அளக்கச் சொன்னது?"

"ஓம், வாங்கோ. உங்கட பிள்ளை நல்லா அளக்கிறா."

"அவ அளந்ததாலதான் நான் ரெண்டு நாளா வேலைக்குப் போகாம வீட்டில இருக்கிறன். சுவர் சாயுதாம், இனி வரவேண்டாமெண்டு அந்த அக்கா சொல்லிப்போட்டா."

அவரை இருக்கச் சொல்லிவிட்டு, பரிவோடு விளக்கினேன். உங்கள் சுவர் மட்டுமல்ல, இந்தப் பள்ளிக்கூடம், கோயில், எல்லாமே ஆறு பாகை சாய்ந்துதான் இருக்கின்றன, இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அவர் மூலைமட்டத்தை மடியில் வைத்தார். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இந்த ஊரில எல்லாரும் பிழையாக் கட்டியிருக்கிறது சரியோ, இல்லாட்டி உங்கட மட்டை பிழையோ?"

மகள் மேசைக்குக் கீழிருந்து தலையைத் தூக்கினாள்.

அம்மா எழுந்து கரும்பலகைக்குப் போனார். பலகையின் அடிச்சட்டத்தில் தன் மூலைமட்டத்தை ஊன்றி, நிமிர்ந்த பக்கத்தோடு சோக்கால் ஒரு கோடு இழுத்தார். பிறகு மூலைமட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு இழுத்தார். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே படிந்தது.

"வாங்கேக்க கடையில வைச்சே இப்பிடிப் பாப்பம். புரட்டினாலும் கோடு ஒண்டெண்டாத்தான் மட்டம் சரி. இப்ப உங்கடையைத் தாங்கோ."

சிவப்பு ரேப் சுற்றிய என் மட்டையைக் கொடுத்தேன். தொண்ணூறு இருந்த விளிம்பில் நகத்தால் ஒரு வெட்டுப் போட்டு, சட்டத்தில் ஊன்றி, நடுப்புள்ளியிலிருந்து அந்த வெட்டுக்கு நேரே கோடு இழுத்தார். புரட்டினார். மறுபடி இழுத்தார். கோடுகள் இரண்டும் அடியில் சேர்ந்து, மேலே போகப்போகப் பிரிந்து, ஒன்று யன்னல் பக்கமும் மற்றது வாசல் பக்கமும் போயின.

யாரும் சொல்லாமலே மகள் எழுந்து வந்தாள். வெள்ளரிக்காய்ப் பெடியனிடம் கடைப் பாகைமானியை வாங்கி, இரண்டு கோட்டுக்கும் இடையில் வைத்தாள். "பன்னிரண்டு பாகை, ரீச்சர்" என்றாள். இந்தமுறை குரல் மெதுவாகத்தான் வந்தது. பன்னிரண்டில் பாதி ஆறு.

அம்மா நகத்தால் ரேப்பை உரித்தார். பூச்சியக் கோடு அடிவிளிம்போடு போகாமல், ஒரு பக்கத்தில் மேலே ஏறி, மறுபக்கத்தில் வெட்டுப்பட்டுக் காணாமல் போயிருந்தது. போட்டோக்கொப்பிக் கண்ணாடியில் பாகைமானி சரிந்து கிடந்திருக்கிறது. நான் தாளின் விளிம்பை நம்பி வெட்டியிருக்கிறேன். பிறகு அந்தப் பிழைக்கு நாற்பது தரம் ரேப்பும் ஒட்டியிருக்கிறேன்.

முதலில் சிரித்தது பின்வாங்குப் பெடியன். "அப்ப எங்கட வீடு ரெண்டு பக்கமும் சாயேல்லை!" என்றான். அதன்பிறகு வகுப்பு அடங்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் சோக்கை எடுத்து, அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே நேராக ஒரு புள்ளிக்கோடு போட்டேன். அடுத்த மாதம் படிப்பிக்க வேண்டிய சமச்சீர் அச்சு அதுதான். ஒரு பக்கத்து உருவத்தை அச்சில் புரட்டினால் மறுபக்கத்து உருவம் வரும், இதுதான் தெறிப்பு என்றேன். வேறெந்த வருடமும் அந்தப் பாடம் அவ்வளவு சீக்கிரம் பிள்ளைகளுக்கு விளங்கியதில்லை. பெயர்ச்சியையும் அதோடு சொல்லிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். "பெயர்ச்சியில இடம் மட்டும்தான் மாறும், உருவம் அப்பிடியே இருக்கும்" என்றேன்.

"ஆர் சொன்னது?" என்றார் அம்மா, போக எழுந்தபடி. "நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க என்ர சொந்தத் தமையனுக்கே என்னை அடையாளம் தெரியேல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மேசை லாச்சியைத் திறந்து, அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். என்மேல் கோபப்படவில்லை. கதிரையை மட்டும் அந்தத் தவணை முடியும்வரை பழைய இடத்தில் போடவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் தாயோடும் மகளோடும் அந்தக் குசினி வீட்டுக்குப் போனேன். பிழை என்னுடையது, நான்தானே சொல்ல வேண்டும். வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திருப்தியில்லாமல் நின்றார்.

"நான் கனடாவில இருக்கிற தங்கச்சிக்கு வீடியோவில காட்டினனான், ரீச்சர். அவளுக்கும் சாயிற மாதிரித்தான் தெரிஞ்சது."

அம்மா பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, நூலின் மேல் நுனியை என்னிடம் தந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறச் சொன்னார். "கை ஆடாமப் பிடியுங்கோ." பிடித்தேன். குண்டு கொஞ்ச நேரம் ஆடி நின்றது. நூலுக்கும் சுவருக்கும் இடையே மேலே எவ்வளவு இடைவெளியோ, கீழேயும் அவ்வளவு இருந்தது.

வீட்டுக்காரி உடனே போனை எடுத்துத் தங்கச்சியை அழைத்தார். அங்கே இன்னும் விடியவில்லை. நித்திரைக் கண்ணோடு ஒரு முகம் திரையில் வந்தது. சுவரை மேலிருந்து கீழே காட்டினார். நூலைக் காட்டினார். வாளியின் மேல் நின்ற என்னையும் காட்டினார்.

"ஓம், இப்ப நல்ல நேரா இருக்குது" என்றது கனடா. "உந்த வாளியில நிக்கிற மேசன்தானோ நிமித்தினவா?"